'தி' எங்கே வரும், எங்கே வராது: ரேங்க்கை ஆங்கிலத்தில் எழுதப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் படிப்புக்காக நான் எழுதிய விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரி இது: 'ஐ ஆம் ஃபர்ஸ்ட் கிராஜுவேட் அண்ட் ஐ கேம் தி செகண்ட் இன் டிபார்ட்மென்ட்.' ஒரே வாக்கியத்தில் மூன்று பிழைகள். 'ஃபர்ஸ்ட்'டுக்கு முன் 'தி' வந்திருக்க வேண்டும், வரவில்லை. 'செகண்ட்'டுக்கு முன் வந்திருக்கக் கூடாது, வந்துவிட்டது. 'டிபார்ட்மென்ட்' ஒரு 'மை' கூட இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. பிழை திருத்துபவருக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். திரும்பி வந்த இரண்டு பக்கங்களில் 23 சிவப்புக் குறிகள். அவற்றில் 14, ரேங்க், இடம், பரிசு, வகுப்பு என்று வரிசையைச் சொல்லும் சொற்களை ஒட்டியே இருந்தன.

அவர் திருத்தினாரே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. அது அவர் வேலையும் அல்ல. அதனால் அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகளைச் செய்தேன். ஆங்கிலத் தேர்விலும் செய்தேன். பிறகுதான் உட்கார்ந்து, பிழைகளை ஒரு நோட்டில் எழுதி, எது எங்கே வருகிறது என்று பிரித்துப் பார்த்தேன். அந்த நோட்டைத்தான் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் புரியும். மூன்று ஆர்ட்டிகிள்களையும் நாம் பள்ளியில் சொன்னபடியே 'ஏ', 'ஆன்', 'தி' என்று குறிக்கிறேன்.

1. முதலில் சான்றிதழ்களை எடுத்து மேசையில் வையுங்கள்

இலக்கணத்துக்கு முன்னால் இது. மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், ரேங்க் சான்றிதழ் இருந்தால் அது, பரிசுச் சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைப் பார்த்துத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரேங்க் எதற்குள்: துறைக்குள்ளா, கல்லூரிக்குள்ளா, பல்கலைக்கழகம் முழுவதிலுமா? மொத்தம் எத்தனை பேர்? அதே இடத்தில் உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா?

இது ஏன் என்றால், எந்த ஆர்ட்டிகிள் என்பது பாதி நேரம் இந்த விவரங்களில்தான் இருக்கிறது. நான் 118 பேரில் இரண்டாவது. இதை 'ஐ ரேங்க்ட் செகண்ட் இன் ஏ கிளாஸ் ஆஃப் 118' என்று எழுதலாம். மொத்த எண்ணிக்கை இல்லாத ரேங்க்கை வெளிநாட்டில் வாசிப்பவர் எடைபோட முடியாது. ஐந்து பேரில் இரண்டாவதா, ஐந்நூறு பேரிலா என்று அவருக்கு எப்படித் தெரியும்? மொத்த எண்ணிக்கை சான்றிதழில் இல்லையென்றால் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். எனக்கு அது கிடைக்க ஒன்பது நாட்கள் ஆயின. செமஸ்டர் விடுமுறையில் கேட்டது என் தவறு.

பொறி: சான்றிதழில் அச்சிட்டிருக்கும் சொற்களை அப்படியே எடுத்துக்காட்டும்போது அதில் 'தி'யைச் சேர்க்காதீர்கள். 'ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன்' என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். அது ஒரு தகுதியின் பெயர். உங்கள் வாக்கியத்துக்குள் கொண்டுவந்து விவரிக்கும்போதுதான் ஆர்ட்டிகிள் பேச்சு.

2. வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, சொல்லின் வாலைப் பாருங்கள்

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால்தான் நமக்குத் தடுமாற்றம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். ஆனால் வரிசையைச் சொல்லும் சொற்களில் மட்டும் தமிழே வழிகாட்டுகிறது. 'இரண்டு' என்ற சொல் எந்த வாலோடு வருகிறது என்று கவனியுங்கள்.

'நான் இரண்டாவதாக வந்தேன்.' இங்கே 'ஆக' இருக்கிறது. எப்படி வந்தேன் என்பதைச் சொல்கிறது, வினையோடு ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் வராது: 'ஐ கேம் செகண்ட்.'

'இரண்டாவது மாணவி', 'மூன்றாம் மாடி', 'ஏழாவது அத்தியாயம்.' பின்னால் ஒரு பெயர்ச்சொல் நிற்கிறது. 'தி' வரும்: 'தி செகண்ட் ஸ்டூடண்ட்', 'தி தேர்ட் ஃப்ளோர்', 'தி செவன்த் சாப்டர்.'

'அவள் முதலில் முடித்தாள்' என்பதும் 'முதலில் முடித்தவள் அவள்' என்பதும் நமக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆங்கிலத்தில் அப்படி அல்ல. முதலாவது 'ஷீ ஃபினிஷ்ட் ஃபர்ஸ்ட்.' இரண்டாவது 'ஷீ வாஸ் தி ஃபர்ஸ்ட் டு ஃபினிஷ்.' 'முடித்தவள்' என்று ஆளைக் குறிக்கும் சொல் வந்ததும் 'தி' வந்துவிட்டது. பின்னால் பெயர்ச்சொல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த 'அவள்' உள்ளே மறைந்திருக்கிறாள்.

'எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது.' தமிழ் 'இன்னொரு' என்கிறது. ஆங்கிலத்தில் 'ஏ': 'ஐ காட் ஏ செகண்ட் சான்ஸ்.'

'என் இரண்டாவது முயற்சி', 'இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.' யாருடையது என்பது முன்னால் வந்துவிட்டது. அங்கே ஆர்ட்டிகிளுக்கு இடமில்லை.

இவற்றை மனத்தில் வைத்தால் என் 14 சிவப்புக் குறிகளில் 11 மறைந்திருக்கும். மீதி மூன்று விதிவிலக்குகள். கீழே வருகின்றன.

3. வந்தேன், முடித்தேன், பிடித்தேன்: 'தி' இல்லாத இடம்

'கேம்', 'ஃபினிஷ்ட்', 'ரேங்க்ட்', 'வாஸ் பிளேஸ்ட்' ஆகிய வினைகளுக்குப் பிறகு வரிசைச்சொல் வெறுமையாக நிற்கும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நான்காவதாக வந்தார். 'பி.டி. உஷா ஃபினிஷ்ட் ஃபோர்த்.' 'ஃபினிஷ்ட் தி ஃபோர்த்' என்று எழுதினால், நான்காவதாக இருந்த எதையோ அவர் முடித்துவிட்டார் என்று பொருள் போய்விடும். வெண்கலம் நொடியில் நூறில் ஒரு பங்கில் கைநழுவியது என்பதை 'பை ஏ ஹண்ட்ரத் ஆஃப் ஏ செகண்ட்' என்று சொல்வார்கள். அதே 'ஹண்ட்ரத்' இங்கே வரிசை அல்ல, பின்னம். அதனால் 'ஏ'. இதைப் பற்றி ஆறாவது படியில் சொல்கிறேன்.

இனி விதிவிலக்கு. 'முதல் இடத்தில்' என்று சொல்லும்போது தமிழில் 'இடம்' என்ற பெயர்ச்சொல் இருக்கிறது. 2ஆம் படியின் கணக்குப்படி 'தி' வர வேண்டும். வராது. 'இன் ஃபர்ஸ்ட் பிளேஸ்', 'இன் தேர்ட் பிளேஸ்', 'டுக் செகண்ட் பிளேஸ்' என்றே எழுத வேண்டும்.

இதில் நான் விழுந்த பள்ளம் ஆழமானது. 'இன் தி ஃபர்ஸ்ட் பிளேஸ்' என்று ஒரு தொடர் ஆங்கிலத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் பொருள் வேறு. 'அடிப்படையிலேயே', 'முதலில் ஏன் அங்கே போனாய்' என்பதில் வரும் 'முதலில்' போன்றது அது. ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சியில் ஒரு வரைபடத்தைப் பார்த்து 'ஜப்பான் வாஸ் இன் தி ஃபர்ஸ்ட் பிளேஸ்' என்று எழுதினேன். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் அடிக்கோடு கூடப் போடவில்லை. தொடர் சரியான தொடர்தானே. 'அட் தி ஃபர்ஸ்ட் பிளேஸ்', 'ஆன் தி ஃபர்ஸ்ட் பிளேஸ்' என்பவற்றையும் நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். இரண்டையும் மறந்துவிடுங்கள்.

பரிசும் கொஞ்சம் இப்படித்தான். 'ஷீ வன் ஃபர்ஸ்ட் பிரைஸ்' என்றும் எழுதுவார்கள், 'ஷீ வன் தி ஃபர்ஸ்ட் பிரைஸ்' என்றும் எழுதுவார்கள். பரிசாகக் கொடுத்த பொருளைப் பற்றிப் பேசினால் 'தி' வேண்டும்: 'தி ஃபர்ஸ்ட் பிரைஸ் வாஸ் ஏ பைசைக்கிள்.' ஒரே கட்டுரையில் இரண்டு விதமாகவும் எழுதாமல் இருந்தால் போதும்.

இருவர் ஒரே இடத்தைப் பகிர்ந்தால் 'ஜாயின்ட்' சேர்த்து, மீண்டும் வெறுமையாக: 'வீ ஃபினிஷ்ட் ஜாயின்ட் செகண்ட்.' சான்றிதழில் பகிர்வு இருந்தால் மறைக்காதீர்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் அதை எழுதிவிட்டால், உங்கள் கட்டுரை பொய் சொன்னதுபோல் ஆகிவிடும்.

4. 'இரண்டாவது பெரிய' என்றால் 'செகண்ட் பிக்' அல்ல

இது ஆர்ட்டிகிள் பிழையோடு ஒட்டிக்கொண்டே வரும் இன்னொரு பிழை. தமிழில் 'உலகின் மூன்றாவது உயரமான மலை' என்கிறோம். 'உயரமான' என்பது சாதாரண அடைமொழி. ஆங்கிலம் அங்கே 'மிக உயரமான' என்ற உச்ச வடிவத்தைத்தான் கேட்கிறது. 8,586 மீட்டர் உயரமுள்ள காஞ்சன்ஜங்கா 'தி தேர்ட் ஹையஸ்ட் மவுண்டன் இன் தி வேர்ல்ட்.' 'தேர்ட் ஹை மவுண்டன்' என்றால் உயரமான மலைகளாகப் பார்த்து எண்ணிக்கொண்டு போகிறபோது வழியில் வந்த மூன்றாவது மலை என்றாகிவிடும்.

நீளமான சொல்லாக இருந்தால் 'மோஸ்ட்' வரும். 2023இல் இந்தியா மக்கள்தொகையில் சீனாவை முந்தியது. இப்போது சீனா 'தி செகண்ட் மோஸ்ட் பாப்புலஸ் கன்ட்ரி.' கடைசியிலிருந்து எண்ணினால் 'தி செகண்ட் லோயஸ்ட்'; 'செகண்ட் லெஸ்' என்று ஒன்று கிடையாது. நான் எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பெயர்ச்சொல்லை விட்டுவிட்டாலும் 'தி' நிற்கட்டும்: 'தி ஃபிகர் ஃபார் ரைஸ் வாஸ் தி செகண்ட் ஹையஸ்ட்.' எந்த உச்ச வடிவத்தைப் பார்த்தாலும் 'தி'யைப் போட்டுவிட்டுப் பிறகு எடுக்கலாமா என்று யோசிப்பது, போடாமல் விட்டுவிட்டு யோசிப்பதைவிடப் பாதுகாப்பானது.

'முதலில் இதைச் செய்தவர்' என்ற வகை வாக்கியமும் இந்தப் படியைச் சேர்ந்தது. 2000இல் சிட்னியில் வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரி 'தி ஃபர்ஸ்ட் இண்டியன் வுமன் டு வின் ஆன் ஒலிம்பிக் மெடல்.' முன்னால் 'தி', பின்னால் 'ஆன்.' பதக்கம் பலவற்றில் ஒன்று. முதல் பெண் ஒருவர்தான். ஒரே வாக்கியத்தில் இரண்டு ஆர்ட்டிகிள்களும் தத்தம் வேலையைச் செய்வதைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

5. யாருடையது என்று சொல்லிவிட்டால் 'தி'யை எடுத்துவிடுங்கள்

1988இல் விஸ்வநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 'இண்டியாஸ் ஃபர்ஸ்ட் கிராண்ட்மாஸ்டர்' என்று எழுதலாம்; 'தி ஃபர்ஸ்ட் கிராண்ட்மாஸ்டர் ஃப்ரம் இண்டியா' என்றும் எழுதலாம். 'தி இண்டியாஸ் ஃபர்ஸ்ட் கிராண்ட்மாஸ்டர்' என்று இரண்டையும் சேர்த்துக் கட்ட முடியாது. 'மை தி செகண்ட் பேப்பர்' என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஊர், நாடு, கல்லூரிப் பெயர் வந்ததும் கை தானாக 'தி'யைப் போட்டுவிடுகிறது.

குழப்பம் இங்கே: 'தி வேர்ல்ட்ஸ் செகண்ட் ஹையஸ்ட் மவுண்டன்' சரி. 'தி யூகேஸ் செகண்ட் லார்ஜஸ்ட் சிட்டி' சரி. இங்கே 'தி' இருக்கிறதே என்றால், அந்த 'தி' மலைக்கோ நகரத்துக்கோ உரியது அல்ல. 'தி வேர்ல்ட்', 'தி யூகே' என்று அந்தச் சொற்கள் எப்போதும் கூட்டிக்கொண்டு வருவது. சோதிக்க ஒரு வழி: வரிசைச்சொல்லை நீக்கிவிட்டு நாட்டின் பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள். 'ஐ லிவ் இன் இண்டியா', 'ஐ லிவ் இன் தி யூகே.' அங்கே 'தி' வந்தால் இங்கேயும் வரும்.

6. 'ஏ' வரும் இடங்கள்

வரிசைச்சொல்லைக் கண்டாலே 'தி' என்று நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பாதி உண்மை. 'ஏ' வரும் இடங்கள் குறைவு அல்ல.

இன்னொன்று என்ற பொருளில்: 'ஏ செகண்ட் ஒப்பீனியன்' என்பது இன்னொரு மருத்துவரின் கருத்து. 'தி செகண்ட் ஒப்பீனியன்' என்றால் ஏற்கெனவே இரண்டு கருத்துகள் மேசையில் இருக்கின்றன, அவற்றில் இரண்டாவது. மென்பொருள் இரண்டையும் சரி என்றே காட்டும். உங்கள் மனத்தில் எது என்று அதற்குத் தெரியாது. தேர்வை மறுபடி எழுதினேன் என்பதை 'ஐ டுக் தி டெஸ்ட் ஏ செகண்ட் டைம்' என்றும் சொல்லலாம், 'ஃபார் தி செகண்ட் டைம்' என்றும் சொல்லலாம். 'ஃபார்' வந்தால் 'தி'. இதற்குத் தமிழ்ச் சோதனை உதவாது. இரண்டுக்கும் நாம் 'இரண்டாம் முறை' என்றே சொல்கிறோம். 'முதன்முறையாக' என்பதற்கு எப்போதும் 'ஃபார் தி ஃபர்ஸ்ட் டைம்.' நம் 'முதன்முறையாக'வில் 'ஆக' இருக்கிறதே என்று 'தி'யை விட்டுவிடாதீர்கள். என் மிச்ச மூன்று குறிகளில் ஒன்று இது.

பின்னம்: மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் 'ஏ தேர்ட் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்.' 'தி தேர்ட் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்பது பொருளற்றது. மூன்றில் இரண்டு என்றால் முன்னால் எதுவும் வேண்டாம்: 'டூ தேர்ட்ஸ் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்.'

நடுவில் அடைமொழி நுழைந்தால்: 'ஷீ கேம் செகண்ட்' என்பதில் ஆர்ட்டிகிள் இல்லை. மயிரிழையில் தவறவிட்டாள் என்று சொல்ல 'க்ளோஸ்' நுழைந்ததும் 'ஷீ கேம் ஏ க்ளோஸ் செகண்ட்' ஆகிறது. வெகு பின்னால் மூன்றாவதாக என்றால் 'ஏ டிஸ்டன்ட் தேர்ட்.' காரணம் கேட்காதீர்கள். நான் மனப்பாடம் செய்துவிட்டேன்.

சிறு கோட்டால் இணைத்த சொற்கள்: 'ஏ தேர்ட்-இயர் ஸ்டூடண்ட்', 'ஏ ஃபர்ஸ்ட்-கிளாஸ் டிகிரி', 'ஏ செகண்ட்-ஹேண்ட் லேப்டாப்.' இவற்றில் 'தேர்ட்', 'ஃபர்ஸ்ட்' எல்லாம் வரிசைச்சொல்லாக வேலை செய்யவில்லை. கடைசியில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்த்து ஆர்ட்டிகிளைப் போடுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பலர், அவர்களில் நான் ஒருத்தி, எனவே 'ஏ'.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியவர்கள் அதைக் கட்டணச் சலுகைக்குக் கொடுத்திருப்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறுவது. 'ஃபர்ஸ்ட் கிராஜுவேட்' என்ற அந்தச் சொல் நமக்கு அவ்வளவு பழக்கம். அதனால் 'ஐ ஆம் ஃபர்ஸ்ட் கிராஜுவேட்' என்று எழுதிவிடுகிறோம். வெளிநாட்டில் வாசிப்பவருக்கு எதில் முதல் என்று புரியாது. 'ஐ ஆம் தி ஃபர்ஸ்ட் கிராஜுவேட் இன் மை ஃபேமிலி' என்றோ 'ஐ வாஸ் தி ஃபர்ஸ்ட் இன் மை ஃபேமிலி டு கோ டு யூனிவர்சிட்டி' என்றோ எழுதுங்கள். அங்குள்ளவர்கள் சொல்லும் சொல் 'ஏ ஃபர்ஸ்ட்-ஜெனரேஷன் ஸ்டூடண்ட்.' முன்னதில் 'தி', பின்னதில் 'ஏ.' விஷயம் ஒன்றுதான், ஆர்ட்டிகிள் வேறு. சான்றிதழை இணைக்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை.

7. எண்ணாக எழுதும்போது

பெயருக்குப் பின் எண் வந்தால் ஆர்ட்டிகிள் இல்லை. வரிசைச்சொல் பெயருக்கு முன் வந்தால் உண்டு. 'சாப்டர் 3', ஆனால் 'தி தேர்ட் சாப்டர்.' 'வேர்ல்ட் வார் டூ', ஆனால் 'தி செகண்ட் வேர்ல்ட் வார்.' 'ரேங்க் 2', ஆனால் 'தி செகண்ட் ரேங்க்.' 2024இல் உலகச் செஸ் பட்டம் வென்ற குகேஷ் 'தி 18த் வேர்ல்ட் சாம்பியன்.'

'ஏ'யா 'ஆன்'ஆ என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒலியைப் பார்க்க வேண்டும். 8, 11, 18, 80 முதல் 89 வரை: இவை உயிரொலியில் தொடங்குவதால் 'ஆன் 8த்', 'ஆன் 11த்', 'ஆன் 18த்.' '1ஸ்ட்'டுக்கு முன் 'ஏ.' எண்ணாக எழுதும்போது கண் ஏமாற்றும். வாயால் சொல்லிப் பாருங்கள்.

'தி டாப் டென் யூனிவர்சிட்டீஸ்' பன்மை. 'ஏ டாப்-டென் யூனிவர்சிட்டி' ஒருமை. 'ஒன் ஆஃப் தி டாப் டென் யூனிவர்சிட்டி' என்று எழுதாதவர் நம்மில் குறைவு. 'ஒன் ஆஃப் தி' வந்தால் பின்னால் பன்மை கட்டாயம். 'ஐ ஆம் கோல்ட் மெடலிஸ்ட்' என்பதற்கு 'ஏ' வேண்டும்.

'ரேங்க் ஹோல்டர்', 'டாப்பர்' இரண்டும் நம் செய்தித்தாள் ஆங்கிலம். இங்கே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் 'ஐ ரேங்க்ட் ஃபர்ஸ்ட்' என்று எழுதிவிட்டால் ஆர்ட்டிகிள் தொல்லையும் போய்விடும். 'செக்யூர்ட் ஃபர்ஸ்ட் ரேங்க்' என்பதை நான் முற்றிலும் கைவிட்டேன்.

8. தேர்வு எழுதுபவர்களுக்கு

நான் எழுதிய ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக். அதன் எழுத்துப் பிரிவு 60 நிமிடம். முதல் பகுதியில் வரைபடத்தையோ அட்டவணையையோ விவரித்துக் குறைந்தது 150 சொற்கள். அதற்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். இரண்டாம் பகுதி 250 சொற்கள், 40 நிமிடம், மதிப்பில் இரு மடங்கு. நான்கு அளவுகோல்கள் சம எடை. அவற்றில் ஒன்று இலக்கணம். முதல் பகுதி முழுவதும் எது அதிகம், எது இரண்டாவது, எது கடைசி என்ற பேச்சுத்தான். வரிசைச்சொல் ஆறேழு இடங்களிலாவது வந்துவிடும். ஒரே பிழை ஆறு முறை திரும்ப வந்தால் தேர்வாளர் கண்ணில் படாமல் போகாது.

நான் இரண்டாம் முறை கையாண்டது: முதல் பகுதியை 17 நிமிடத்தில் முடித்துவிட்டு, மூன்று நிமிடம் வரிசைச்சொற்களை மட்டும் தேடினேன். மற்ற எதையும் படிக்கவில்லை. 'ஃபர்ஸ்ட்', 'செகண்ட்', 'தேர்ட்', 'ஹையஸ்ட்', 'லோயஸ்ட்', 'டாப்.' ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெயர்ச்சொல் இருக்கிறதா, முன்னால் உடைமை இருக்கிறதா என்ற இரண்டே கேள்விகள்.

இரண்டாம் பகுதியில் காரணங்களை அடுக்கும்போது 'ஃபர்ஸ்ட்,' 'செகண்ட்,' என்று காற்புள்ளியோடு தொடங்கினால் ஆர்ட்டிகிள் இல்லை. 'தி ஃபர்ஸ்ட் ரீசன் இஸ்' என்றால் உண்டு. 'அட் ஃபர்ஸ்ட்' என்பது 'முதலாவதாக' அல்ல. 'ஆரம்பத்தில் அப்படி இருந்தது, பிறகு மாறிவிட்டது' என்ற பொருள். காரணங்களை அடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

9. செலவும் நாட்களும்

தேர்வுக் கட்டணம் இந்தியாவில் 17,000 ரூபாய்க்குக் குறையாது. பதிவு செய்யும் நாளில் உள்ள தொகையை அதிகாரப்பூர்வத் தளத்திலேயே பாருங்கள். முடிவு இரண்டு ஆண்டுகள் செல்லும். என் முதல் மதிப்பெண் எழுத்தில் 6. எனக்கு வேண்டியது 6.5. அப்போது மூன்று வழிகள் இருந்தன. முழுத் தேர்வையும் மறுபடி எழுதுவது. மறுமதிப்பீடு கேட்பது: தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கணினியில் எழுதியிருந்தால் ஒரே ஒரு பிரிவை மட்டும் 60 நாட்களுக்குள் மறுபடி எழுதுவது. என் பிழைகள் எனக்கே தெரிந்திருந்ததால் மறுமதிப்பீட்டில் பணத்தைப் போடவில்லை. எழுத்துப் பிரிவை மட்டும் மீண்டும் எழுதினேன். இப்படிப் பெற்ற மதிப்பெண்ணை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எனக்குப் பதில் வர நான்கு நாட்கள் ஆயின.

பிழை திருத்தம் செய்ய ஆள் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் முதல் ஏழு படிகளையும் நீங்களே முடித்துவிட்டுக் கொடுங்கள். இரண்டாம் கட்டுரைக்கு நான் கொடுத்தது 600 ரூபாய், குறிகள் ஐந்து. ஐயம் வந்த தொடரைச் சரிபார்க்க ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளின் மாணவர் பதிப்புகள் இணையத்தில் இலவசம். 'பிளேஸ்' என்ற சொல்லின் கீழ் உள்ள உதாரண வாக்கியங்களை ஒருமுறை படித்தாலே மூன்றாம் படியின் பாதி வந்துவிடும்.

நாட்கணக்கு: கட்டுரைக்குக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் சான்றிதழ்களும் கடிதமும். இரண்டாம் வாரம் எழுதுவது. பிறகு இரண்டு நாட்கள் அதைத் தொடவே வேண்டாம். எழுதிய அன்றே படித்தால் விடுபட்ட 'தி'யை மனம் தானாக நிரப்பிக்கொண்டு படித்துவிடும்.

10. பரிந்துரைக் கடிதத்தை ஒப்பிடுங்கள்

உங்கள் கட்டுரை, சுயவிவரக் குறிப்பு, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் மூன்றிலும் ரேங்க் ஒரே மாதிரி இருக்க வேண்டும். என் ஆசிரியர் தம் கடிதத்தில் 'ஷீ வாஸ் ஏ செகண்ட் ரேங்க் ஹோல்டர்' என்று எழுதியிருந்தார். இரண்டாம் ரேங்க் வாங்கியவர்கள் பலர் இருந்ததுபோல ஒலித்தது. கடிதம் எழுதும் முன்பே 'ரேங்க்ட் செகண்ட் இன் ஏ கிளாஸ் ஆஃப் 118' என்ற வரியைக் குறிப்புகளோடு அவருக்குக் கொடுத்திருந்தால் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார். எப்போதும் குறிப்பு கொடுங்கள் என்று கேட்பவர்தான் அவர். நான் கொடுக்கவில்லை. கடிதம் வந்தபின், கோப்பில் நானே மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. செய்யாதீர்கள். கையெழுத்து விழுந்த கடிதத்தில் ஓர் 'ஏ'யை எடுப்பதானாலும் அவரிடம்தான் போக வேண்டும். போனேன், சிரித்துவிட்டு, புதிய தாளில் எழுதி, மறுபடி முத்திரை வைத்துத் தந்தார். அதற்கு இன்னும் நான்கு நாட்கள். அதையும் உங்கள் மூன்று வாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.